பழைய டிராக்டரை என்ன விலைக்கு விற்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடி பக்கம் எங்கள் வீட்டில் இதுவரை மூன்று டிராக்டர் வாங்கி, இரண்டை விற்றிருக்கிறோம். முதல் வண்டியை விலை தெரியாமல் விற்றோம். இரண்டாவதை ஒரு மாதம் விசாரித்து, கணக்குப் போட்டு விற்றோம். அதற்கப்புறம் ஊரில் யார் வண்டி விற்றாலும் "ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போப்பா" என்று கூப்பிடுகிறார்கள். அங்கெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். உதாரணமாகச் சொல்லும் வண்டி விலைகளும் செலவுகளும் கணக்கு புரிவதற்காக நான் போட்டவை. அந்த இடத்தில் உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நியாயமான விலை என்றால் யாருக்கு நியாயம்? விற்கிற எனக்கா, வாங்குகிறவருக்கா?

இரண்டு பேருக்கும்தான். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் வண்டி மாதிரியே, அதே வயதில் ஒரு வண்டி உங்கள் வட்டாரத்தில் என்ன விலைக்குக் கை மாறியது என்று பாருங்கள். வாங்குகிறவர் முதல் போகத்துக்குள் இந்த வண்டிக்கு என்ன செலவு செய்ய வேண்டியிருக்கும் என்று அடுத்து பாருங்கள். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் வருவதுதான் நியாயமான விலை. நீங்கள் வாங்கிய விலை, கட்டிய வட்டி, அந்த வண்டி மேல் உங்களுக்கு இருக்கும் பாசம் எதற்கும் இந்தக் கணக்கில் இடம் கிடையாது. இதை ஏற்றுக்கொள்வது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அப்பா ஓட்டிய வண்டியை விற்கும்போது நானும் கஷ்டப்பட்டேன்.

புதிதாக வாங்கிய விலையில் வருஷத்துக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டே வந்தால் போதாதா?

அது புத்தகக் கணக்கு. வேளாண் பொறியியல் பாடங்களில் டிராக்டரின் ஆயுளைப் பத்து வருஷம் அல்லது 10,000 மணி நேரம் என்று வைத்து, கடைசியில் வாங்கிய விலையில் 10 சதவீதம் மிஞ்சும் என்று போடுவார்கள். 7,00,000 ரூபாய்க்கு வாங்கிய வண்டிக்கு இப்படிப் போட்டால் வருஷத்துக்கு 63,000 தேயும். எட்டு வருஷம் கழித்து மிஞ்சுவது 1,96,000. ஒழுங்காக ஓடுகிற எட்டு வருஷ வண்டியை அந்த விலைக்குக் கேட்டால் எங்கள் பக்கம் ஒருவரும் தர மாட்டார்கள். லைனர், பிஸ்டன் மாற்றினால் டீசல் இன்ஜின் மறுபடி ஓடும். ஓடுகிற வண்டிக்கு மதிப்பு இருக்கத்தான் செய்யும். உழவுக்கு மணிக்கு என்ன வாடகை வாங்கலாம் என்று முடிவு செய்ய அந்தக் கணக்கு உதவும். விற்பனை விலைக்கு உதவாது.

இன்சூரன்ஸ் பேப்பரில் இருக்கும் ஐ.டி.வி. தொகையும், அதாவது வண்டியின் மதிப்பு என்று கம்பெனி எழுதும் தொகையும், அப்படித்தான். அங்கே முதல் ஐந்து வருஷத்துக்கு ஓர் அட்டவணை உண்டு: இரண்டு வருஷம் முடிந்து மூன்றாம் வருஷம் நடந்தால் 30 சதவீதம் கழிவு, நாலு முடிந்து ஐந்தாம் வருஷம் என்றால் 50 சதவீதம். ஐந்து வருஷத்துக்கு மேல் போனால் கம்பெனியும் நீங்களும் பேசிக்கொள்வதுதான் தொகை. வண்டி எப்படி ஓடியது, எந்த மண்ணில் ஓடியது என்று அந்த அட்டவணைக்குத் தெரியாது.

அப்படியானால் எங்கே ஆரம்பிப்பது?

உங்கள் வட்டாரத்தில் ஒரு வருஷத்துக்குள் விற்ற மூன்று நான்கு வண்டிகளை விசாரியுங்கள். அதே கம்பெனி, அதே மாடல், ஒன்றிரண்டு வருஷம் முன்பின் இருக்கலாம். எவ்வளவுக்குக் கேட்டார்கள் என்பதைக் காதில் வாங்காதீர்கள். பணம் எவ்வளவு கை மாறியது என்பதைக் கேளுங்கள். விளம்பரத்தில் போடுவது ஆசைப்படுகிற விலை. உண்மை விலை அந்த ஊர் மெக்கானிக்குக்குத் தெரியும், ஏனென்றால் வாங்கியவர் வண்டியை முதலில் அவரிடம்தான் கொண்டுபோய்க் காட்டியிருப்பார்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். உங்களிடம் 2018 மாடல், 42 எச்.பி. வண்டி இருக்கிறது என்று வையுங்கள். விசாரித்ததில் 2017 மாடல் ஒன்று 3,90,000, 2018 மாடல் ஒன்று 4,20,000, டயர் புதிதாக இருந்த இன்னொரு 2018 மாடல் 4,60,000, 2019 மாடல் ஒன்று 4,75,000 என்று தெரிகிறது. டயர் பாதி தேய்ந்த, சுமாரான 2018 வண்டிக்கு 4,25,000 என்று எடுத்துக்கொள்ளலாம். இதுதான் அடி விலை.

உங்கள் வண்டியில் பின் டயர் இரண்டும் வழுக்கையாகிவிட்டன. ஜோடி 44,000 ஆகும் என்றால் முழுவதையும் கழிக்க வேண்டாம். அடி விலையிலேயே பாதி தேய்ந்த டயருக்குத்தானே கணக்கு இருக்கிறது? அதனால் 22,000 கழியுங்கள். கிளட்ச் பிளேட் போன வருஷம் 20,000 செலவில் மாற்றினீர்கள், பில் இருக்கிறது. அதில் பாதி, 10,000 கூட்டலாம். சொந்த நிலத்துக்கு மட்டும் ஓட்டியதால் மணி குறைவு, அதற்கு 15,000 கூட்டலாம். இன்சூரன்ஸ் முடிந்துவிட்டது, 8,000 கழியுங்கள். கடைசியில் 4,20,000 வருகிறது. கேட்கும்போது 4,40,000 கேளுங்கள். 4,10,000க்குக் கீழே இறங்குவதில்லை என்று வீட்டில் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இதை ஒரு தாளில் எழுதியே வைக்கலாம். நான் எழுதி வைத்திருந்தேன், வாங்க வந்தவரிடம் அதைக் காட்டவும் செய்தேன். அதற்கப்புறம் பேரம் பத்து நிமிஷத்தில் முடிந்தது.

பக்கத்து ஊரில் ஒருவர் இதே வண்டியை ஆறு லட்சத்துக்கு விற்றாராம். நானும் அதையே கேட்கலாமா?

வண்டியோடு என்னென்ன போனது என்று முதலில் கேளுங்கள். ரோட்டவேட்டரும் ஒன்பது கொத்துக் கலப்பையும் டிப்பரும் சேர்ந்து போயிருந்தால் அது டிராக்டர் விலை ஆகாது. எப்போது விற்றார் என்பதும் முக்கியம். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் மீதான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. வரியோடு 8,00,000 இருந்த புது வண்டி, கம்பெனி அடிப்படை விலையை மாற்றாமல் இருந்தால், 7,50,000க்கு வந்துவிடும். புது வண்டி ஐம்பதாயிரம் இறங்கினால் இரண்டு மூன்று வருஷ வண்டிக்காரர் பழைய விலையைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. பத்து வருஷத்தைத் தாண்டிய வண்டிக்கு இந்தத் தாக்கம் அவ்வளவு இல்லை, ஏனென்றால் அதை வாங்குகிறவர் புது வண்டியை நினைத்துப் பார்ப்பதே இல்லை. அந்தத் தேதிக்கு முன்னால் நடந்த விற்பனையை அடி விலைக்கு எடுக்காதீர்கள். டிராக்டர் டயர், டியூப் மீதான வரியும் அப்போதே 18இலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. டயருக்காகக் கழிக்கும் தொகையையும் இப்போதைய விலையை வைத்தே போடுங்கள்.

மணி மீட்டரை வாங்குகிறவர்கள் நம்புகிறார்களா?

மீட்டரை மட்டும் வைத்து நம்ப மாட்டார்கள். வருஷத்தோடு பொருத்திப் பார்ப்பார்கள். ஏழு வருஷத்தில் 2,800 மணி என்றால் வருஷத்துக்கு 400. சொந்த வேலைக்கு ஓடிய வண்டி என்று ஒத்துக்கொள்வார்கள். ஏழு வருஷத்தில் 7,000 மணி என்றால் வாடகைக்கு ஓடியது. ஏழு வருஷத்தில் 1,200 மணி என்று மீட்டர் காட்டினால், உடனே "மீட்டர் கேபிள் எப்ப அறுந்தது?" என்பார்கள். கேபிள் உண்மையிலேயே அறுந்திருந்தால் எந்த வருஷம், அப்போது மணி எவ்வளவு என்று நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள்.

பழைய வண்டிகளில் மீட்டர் இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து ஓடும். குறிப்பிட்ட ஆர்.பி.எம்.மில் ஓடினால்தான் ஒரு மணிக்கு ஒரு மணி ஏறும், சும்மா ஸ்லோவில் நின்றால் குறைவாகத்தான் ஏறும். மீட்டரைவிட நம்பகமான சாட்சிகள் வண்டியிலேயே இருக்கின்றன. கிளட்ச் பெடல் ரப்பர், கியர் ராடு ஆட்டம், ஸ்டீயரிங் பிளே, முன் ஆக்சில் புஷ் எல்லாம் தேய்ந்துபோய் மீட்டர் மட்டும் இளமையாக இருந்தால் யாரும் ஏமாற மாட்டார்கள்.

டெல்டாவில் சேற்று உழவு ஓட்டிய வண்டிக்கு ஏன் விலை குறைத்துக் கேட்கிறார்கள்?

காரணம் இருக்கிறது. கேஜ் வீல் என்கிற இரும்புச் சக்கரம் போட்டு சேற்றில் ஓட்டும்போது பின் ஆக்சிலுக்கும் கியர் பாக்ஸுக்கும் சுமை அதிகம். சேறும் தண்ணீரும் முன் சக்கர ஹப், ஆக்சில் சீல் வழியாக உள்ளே போகும். பழைய மாடல் டிரை பிரேக் என்றால் அதுவும் கெடும். ஆயில் பிரேக் வண்டி இதைக் கொஞ்சம் தாங்கும். அதனால் புதுக்கோட்டை, சிவகங்கை பக்கம் இருந்து வருகிறவர்கள் முதல் கேள்வியாக இதைத்தான் கேட்கிறார்கள்.

எங்கள் இரண்டாவது வண்டியை விற்கும்போது இதற்கு ஒரு வழி செய்தோம். விற்பதற்கு முன்னால் முன் ஹப் இரண்டையும் கழற்றி, பேரிங், சீல் பார்த்து, கிரீஸ் வைத்து, அதன் பில்லை வைத்துக்கொண்டோம். பின் ஆக்சில் ஆயிலைக் கொஞ்சம் வடித்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துக் காட்டினோம். தண்ணீர் கலந்திருந்தால் ஆயில் பால் மாதிரி வெளுத்திருக்கும். எங்களுடையது தெளிவாக இருந்தது. இருபதாயிரம் குறைக்கச் சொன்னவர் ஐயாயிரத்தோடு நின்றுவிட்டார். லோடர் மாட்டி ஓட்டிய வண்டிக்கும் இதே சந்தேகம் வரும். அங்கே பார்க்க வேண்டியது முன் ஆக்சிலும் கிளட்சும்.

விற்பதற்கு முன்னால் என்னென்ன ரிப்பேர் பார்ப்பது லாபம்?

சின்ன வேலைகள் எல்லாம் லாபம். பெரிய வேலைகள் நஷ்டம். எண்ணெய் கசிவை நிறுத்துவது, ஹாரன், லைட், மீட்டர், செல்ஃப் மோட்டார், பேட்டரி, ஏர் ஃபில்டர், இன்ஜின் ஆயில் போன்றவற்றைச் செய்துவிடுங்கள். தள்ளி ஸ்டார்ட் செய்யும் வண்டிக்கும் சாவி போட்டதும் எடுக்கும் வண்டிக்கும் பேட்டரி விலையைவிடப் பல மடங்கு வித்தியாசம் வரும்.

இன்ஜின் வேலையை விற்பதற்காகச் செய்யாதீர்கள். புகை நீலமாக வந்து, ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளிருந்து காற்றும் புகையும் (பேக் கம்ப்ரஷன்) அடிக்கிறது என்றால், ஒரு மெக்கானிக்கிடம் எழுத்தில் செலவுக் கணக்கு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொகையை விலையில் கழித்துச் சொல்லுங்கள். புதிதாகப் பிரித்துக் கட்டிய இன்ஜினை வாங்குகிறவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். எந்தக் கம்பெனி லைனர் போட்டீர்கள், போலி சாமானா என்று கேட்பார். அவருக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் அவரே வேலை பார்த்தால் அவருக்கும் நிம்மதி, உங்களுக்கும் முன்பணம் போட வேண்டியதில்லை.

முழு பெயிண்ட் அடிக்க வேண்டாம். நன்றாகக் கழுவித் துடைத்தால் போதும். பளபளவென்று புதிதாகப் பெயிண்ட் அடித்த பத்து வருஷ வண்டியைப் பார்த்தால், எதை மறைத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்கும் தோன்றும்.

குறையைச் சொன்னால் விலை இறங்கிவிடாதா?

சொன்ன குறைக்கு அதன் செலவு மட்டும்தான் இறங்கும். அவர்களாகக் கண்டுபிடித்த குறைக்கு, இன்னும் என்னென்ன இருக்குமோ என்ற பயத்தையும் சேர்த்து இறக்குவார்கள். ஹைட்ராலிக் லிப்ட் சுமையோடு தூக்கி நிறுத்தினால் மெதுவாக இறங்குகிறது என்று வையுங்கள். சீல் மாற்றும் செலவு இவ்வளவு என்று நீங்களே சொன்னால் அந்தத் தொகையோடு முடிந்தது. கலப்பையை மாட்டிப் பார்த்து அவர் கண்டுபிடித்தால் இன்ஜினையும் சந்தேகப்படுவார். இதை நான் விற்கிற பக்கம் நின்றும் பார்த்திருக்கிறேன், வாங்கப் போனபோது என் மனசிலேயும் பார்த்திருக்கிறேன். காலையில் அவர் வருவதற்கு முன்னால் வண்டியைச் சூடாக்கி வைப்பதும் வேண்டாம். இன்ஜினைத் தொட்டுப் பார்த்ததுமே தெரிந்துவிடும்.

ஷோரூமில் எக்ஸ்சேஞ்ச் போடலாமா, வெளியே விற்கலாமா?

வெளியே விற்றால் பணம் கூடுதலாக வரும், அலைச்சலும் கூடுதல். ஷோரூம்காரர் அந்த வண்டியை மறுபடி ஒருவரிடம் விற்க வேண்டும், அதில் அவருக்கும் ஏதாவது நிற்க வேண்டும். அதில் தப்பு எதுவும் இல்லை. பழைய வண்டி விலையையும் புது வண்டித் தள்ளுபடியையும் ஒன்றாகக் கலந்து பேசும்போதுதான் நாம் ஏமாறுகிறோம். எங்கள் முதல் வண்டியில் அதுதான் நடந்தது. எக்ஸ்சேஞ்சுக்கு நல்ல விலை கொடுத்த மாதிரி காட்டினார்கள். ரொக்கம் கொடுத்து வாங்குகிறவருக்கு அதே புது வண்டியில் முப்பதாயிரம் தள்ளுபடி இருந்தது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. அதனால் முதலில் பழைய வண்டி பேச்சையே எடுக்காமல், புது வண்டி எல்லாம் சேர்த்து என்ன விலை என்று எழுதி வாங்குங்கள். அதற்கப்புறம் பழையதைப் பேசுங்கள்.

எந்த மாதத்தில் விற்றால் நல்ல விலை வரும்?

டெல்டாவில் ஜூன் 12 மேட்டூர் திறக்கும் என்ற எதிர்பார்ப்போடு குறுவைக்கு ஆயத்தம் நடக்கும் வைகாசி, ஆனியில் ஆள் தேடி வருவார்கள். மானாவாரிப் பக்கம் ஆடிப்பட்டத்துக்கு முன்னால். ஆடி பிறந்துவிட்டால் வண்டி வாங்க வேண்டாம் என்று தள்ளிப் போடுகிறவர்கள் நிறைய, மார்கழியிலும் அப்படித்தான். தை, மாசியில் அறுவடைப் பணம் கையில் இருக்கும், அதுவும் நல்ல நேரம். மழை பொய்த்த வருஷத்தில் அவசரமில்லை என்றால் விற்காமல் இருங்கள்.

50 எச்.பி.க்கு மேலான பழைய வண்டிக்கு இப்போது மவுசு கூடியிருக்கிறது என்கிறார்களே?

2023 ஜனவரி 1 முதல் 50 எச்.பி.க்கு மேலான புது டிராக்டர்களுக்கு டிரெம்-4 என்ற புகை விதி வந்தது. அதனால் அந்த வரிசையில் புது வண்டி விலை ஏறியது, இன்ஜினில் எலக்ட்ரானிக்ஸ் வந்தது. பழைய டீசல் பம்ப் வண்டியை ஊர் மெக்கானிக்கே பார்த்துவிடுவார் என்று அதைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்களிடம் அப்படி ஒன்று நல்ல நிலையில் இருந்தால் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

டிப்பரையும் கலப்பையையும் சேர்த்து விற்கவா, தனியாகவா?

தனித்தனியாக விலை போட்டு வையுங்கள். யாராவது மொத்தமாகக் கேட்டால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். டிப்பருக்குத் தனி ஆர்.சி. உண்டு, அதையும் தனியாகப் பெயர் மாற்ற வேண்டும்.

பேப்பர் சரியாக இல்லை என்றால் எவ்வளவு குறையும்?

கடன் முடிந்தும் ஆர்.சி.யில் கடன் கொடுத்தவர் பெயரில் இருக்கும் அடமானப் பதிவு ரத்தாகவில்லை என்றால், விற்கும் முன்பே பைனான்ஸில் தடையில்லாச் சான்றும் (என்.ஓ.சி.) படிவம் 35-ம் வாங்கி ரத்து செய்துவிடுங்கள். ஆர்.சி. 15 வருஷத்துக்குச் செல்லும், அப்புறம் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். பதினான்கு வருஷ வண்டி என்றால் வாங்குகிறவர் அந்தச் செலவையும் அலைச்சலையும் கழிப்பார், அது நியாயம்தான். சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் ஆர்.சி.யோடு ஒத்துப்போகாவிட்டால் விலை பேசுவதை நிறுத்திவிட்டு முதலில் அதைச் சரி செய்யுங்கள். மானியத்தில் வாங்கிய வண்டி என்றால், இத்தனை வருஷம் விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும். வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு விற்பனைக்குச் சொல்லுங்கள்.

முழுப் பணத்தையும் ரொக்கமாக வாங்கலாமா?

இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ஒரே பரிவர்த்தனைக்கு ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டத்தில் 2017 ஏப்ரல் முதல் தடை இருக்கிறது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். வங்கி வழியாக வாங்குங்கள். முன்பணம் வாங்கினால், மீதியை எந்தத் தேதிக்குள் தர வேண்டும், தராவிட்டால் முன்பணம் என்ன ஆகும் என்று அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். புரோக்கர் வழியாக என்றால் தரகு யார் தருவது, எவ்வளவு என்று முதல் நாளே பேசிவிடுங்கள்.

பணம் வந்துவிட்டது, வண்டியும் போய்விட்டது. வேலை முடிந்ததா?

முடியவில்லை. பெயர் மாற்றப் படிவங்கள் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மட்டும் போதாது. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்றவர் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். பெயர் மாறாமல் ஓடும் வண்டி விபத்தில் சிக்கினால், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது. இன்சூரன்ஸ் இல்லாத வண்டி என்றால், விற்ற விலையைவிடப் பெரிய தொகை நம் தலையில் விழலாம். விலையில் ஐயாயிரம் குறைத்தாவது, பெயர் மாற்றத்தை நீங்களே கூடப் போய் முடித்துக்கொடுங்கள். வண்டியை அனுப்பும்போது தேதி, மணி எழுதி, இருவரும் கையெழுத்திட்டு ஒரு டெலிவரி நோட் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய ஆதார் நகலும் இருக்கட்டும்.

ஒரு மாதம் கழித்து வாங்கியவர் போன் செய்து குறை சொன்னால் என்ன செய்வது?

எனக்கு அப்படி ஒரு போன் வந்தது. "அண்ணே, பி.டி.ஓ. கிளட்ச் வழுக்குது, ரோட்டவேட்டர் சுத்த மாட்டேங்குது" என்றார். பி.டி.ஓ. என்பது பின்னால் மாட்டும் கருவியைச் சுற்ற வைக்கும் தண்டு. நாங்கள் ரோட்டவேட்டர் போட்டே ஓட்டியதில்லை, அதனால் அந்தக் குறை எங்களுக்கே தெரியாது. சட்டப்படி நான் எதுவும் தர வேண்டியதில்லை. ஆனால் நான் விலை போட்ட தாளில் அது இருந்திருந்தால் கழித்திருப்பேன். மெக்கானிக் பில்லை அனுப்பச் சொல்லி, வந்த செலவில் பாதியை அனுப்பினேன். இப்போது யார் வண்டியைப் பார்க்கப் போனாலும் விலை பேசுவதற்கு முன்னால் ரோட்டவேட்டர் மாட்டி அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்கச் சொல்கிறேன்.